60 ரூபாய்க்கு எங்க ஊர்!

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடந்து போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேருக்குத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துப் பரிதாபப்பட வேண்டாம். பிளாட்பாரத்தில் முதுகைக் காட்டி அடுக்கியிருக்கும் பழைய புத்தகங்களின் பெயரைப் படித்துக்கொண்டே நகர்கிறார்கள். இரண்டு மணி நேரம் இப்படி மேய்ந்துவிட்டு வீட்டுக்குப் போனால் நிஜமாகவே சுளுக்கு வரும். மனைவியிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. "இருக்கறதை வைக்கவே இடமில்லை..." என்று ஆரம்பித்து விடுவாள்.

பெரியவர்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொல்லும் இந்தத் தெருவோடு எனக்குப் பழைய பந்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துச் சந்தில் ஒரு மேன்ஷனில், ஜன்னல் இல்லாத அறையில் மூன்று பேர் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்கு இருந்தது இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று கடற்கரை. இன்னொன்று பழைய புத்தகக் கடை. கடற்கரையில் சுண்டலுக்குக் காசு ஆகும். புத்தகக் கடையில் நின்றபடி படித்தால் காசு இல்லை, கடைக்காரர் முறைப்பார், அவ்வளவுதான்.

சமீபத்தில் ஒரு ஞாயிறு. வழக்கமான கடை. ஒரு ரவிக்கை டிசைன் புத்தகத்துக்கும் வங்கித் தேர்வு கைடுக்கும் நடுவே ஒல்லியாக ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. பச்சை காலிகோ பைண்டிங். முதுகில் வெள்ளை மையில் ஒரு எண். உருவி எடுத்தேன். எங்கள் ஊர்ப் பெயர்!

எங்கள் ஊர் ஒன்றும் மதுரையோ தஞ்சாவூரோ இல்லை. காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்றின் கரையில், எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காமல் போகிற ஊர். அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று எங்களிடமே யாரும் சொன்னதில்லை. சொன்னவர் ஒருத்தர் இருந்திருக்கிறார். எங்கள் ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், 1952ல் கைக்காசைப் போட்டு அச்சடித்த 112 பக்கப் புத்தகம். கோயில், ஏரி, 1924 வெள்ளம், நெசவாளர் தெரு உருவான கதை எல்லாம் இருந்தது. 71ஆம் பக்கத்தில் சத்திரம் கட்ட நெல் கொடுத்தவர்களின் பட்டியல். அதில் பதினோராவது பெயர் என் கொள்ளுத்தாத்தா. 2 கலம்.

எங்கள் வீட்டுப் புராணத்தில் அது 20 கலம். என் பாட்டி அந்த 20 கலத்தை வைத்துத்தான் மருமகள்களை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது எவ்வளவு?"

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். இரண்டாவது பார்வையில்தான் விலை தீர்மானமாகும்.

"நூறு குடுங்க சார்."

"ஒல்லியா இருக்கேண்ணே..."

"சரி, அறுபது. ஜிபே பண்ணிடுங்க."

பணம் அனுப்பிவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஊதா நிறத்தில் வட்டமான முத்திரை. எங்கள் ஊர்க் கிளை நூலகம்! சின்ன வயதில் நான் தினமும் போய் உட்கார்ந்த அதே நூலகம். கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. கடைசியாக விழுந்த தேதி 1987. பகீரென்றது. நூலகப் புத்தகம் பிளாட்பாரத்தில் எப்படி?

"அண்ணே, இது திருட்டுப் புத்தகமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். அட்டையைத் திருப்பி, எண்ணிப் பார்க்காமலே 25ஆம் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் ஊதா முத்திரை!

"பாத்தீங்களா? லைப்ரரில இதுதான் ரகசியப் பக்கம். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு நம்பர் வச்சிருப்பாங்க. திருடறவன் முதல் பக்கத்தைக் கிழிச்சிருவான், இது அவனுக்குத் தெரியாது. இதுல எதுவுமே கிழியல. கழிச்சுப் போட்ட புக்கு சார் இது. கழிச்சதுல முத்திரை குத்தணும், சோம்பேறித்தனத்துல குத்தாம விட்டிருப்பாங்க."

லைப்ரரியின் ரகசியப் பக்கம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, பழைய புத்தகக் கடைக்காரர்களுக்குத் தெரிகிறது. மூன்றாவது தலைமுறை வியாபாரி அவர். அப்பா மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தபோது இவர் சின்னப் பையன். சென்ட்ரல் பக்கத்தில் அந்தச் செங்கல் கட்டடம் நின்ற இடம் ரயில்வேக்குப் போயிற்று. வியாபாரிகளில் பலர் பின்னால் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சிலர் இப்படிப் பிளாட்பாரத்துக்கு.

"கழிச்சுப் போடறதுன்னா எப்படிண்ணே?"

"எடைக்குத்தான். ஏலம் எடுத்தவன் மூட்டை கட்டி லாரில ஏத்திருவான். பழைய பேப்பர் மொத்த வியாபாரி கோடவுனுக்கு வரும். அங்கேருந்து மில்லு. மில்லுக்கு வண்டி கிளம்பறதுக்குள்ள நாங்க போய் உக்காந்து பொறுக்குவோம்."

"எவ்வளவு தேறும்?"

"மூட்டைக்கு நாலு, அஞ்சு. வெயில் ஜாஸ்தியா இருந்தா ரெண்டு."

ஆக, எங்கள் ஊர் தப்பித்தது இவருக்கு அன்று தலைவலி இல்லாததால். மிச்சம் என்ன ஆகும்? மில்லில் பெரிய தொட்டியில் தண்ணீரோடு கொட்டிச் சுழற்றுவார்கள். இட்லி மாவு மாதிரி கூழாகும். பின், கம்பி, பைண்டிங் துணி எல்லாம் தனியாக வந்துவிடும். எழுத்து மட்டும் கூழோடு கரைந்துபோகும். பிறகு அது அட்டையாகி, அட்டைப் பெட்டியாகும். ஆன்லைனில் ஆர்டர் போட்டுப் புதுப் புத்தகம் வரவழைக்கிறீர்களே, அந்தப் பெட்டியே பழைய புத்தகமாக இருந்தாலும் இருக்கலாம். கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் குடைந்தது. இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கிறதா?

அடுத்த சனிக்கிழமை எழும்பூர் போனேன். பாந்தியன் ரோடு, மியூசியம் வளாகம், கன்னிமாரா நூலகம். பள்ளிக்கூடப் பையன்கள் டைனோசர் பார்க்க ஒரு பக்கம் ஓட, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக இன்னொரு பக்கம் போவார்கள். பின்னால் இருக்கும் பழைய கட்டடத்தை அவர்களில் பல பேர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்தது. கவர்னர் கன்னிமாரா பிரபு 1890ல் அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5ல் திறந்தார்கள். வளைந்த கூரையும் கலர்க் கண்ணாடியும் தேக்கு அலமாரிகளுமாக, கல்யாண மண்டபமாக இருந்தால் தேதி கிடைக்காது!

இந்த நூலகம் எப்படிப் பிறந்தது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். தூக்கிவாரிப் போட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பழக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் ஒரு கல்லூரி வைத்திருந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு கம்பெனிக்கே மூடுவிழா வந்தது. 1858ல் கல்லூரியையும் மூடினார்கள். அங்கே உபரியாகக் கிடந்த நூற்றுக்கணக்கான புத்தகங்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னை சர்க்கார் அவற்றை மியூசியத்தின் தலையில் கட்டியது. மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்சல் 1860 வாக்கில் ஒரு சின்ன நூலகம் ஆரம்பித்திருந்தார். அதில் இவை சேர்ந்தன. அந்தச் சின்ன நூலகம் வளர்ந்ததுதான் கன்னிமாரா.

அதாவது, தமிழ்நாட்டின் பெரிய நூலகத்துக்கு விதை நெல்லாக வந்ததே இன்னொரு நூலகம் வேண்டாம் என்று கழித்த சரக்கு! ஹெய்லிபரிக்காரர்கள் கிலோ கணக்கில் போட்டிருந்தால்?

1955 முதல் கன்னிமாராவுக்கு இன்னொரு பெருமை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் எந்தப் பதிப்பாளர் புத்தகம் போட்டாலும் ஒரு பிரதியைத் தன் செலவில் இங்கே அனுப்ப வேண்டும். கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை என்று நாலே இடங்களுக்கு இந்த உரிமை. எங்கள் வாத்தியார் புத்தகம் போட்டது 1952ல். சட்டத்துக்கு முன்னால் பிறந்துவிட்டார் பாவம். அட்டவணையில் தேடினேன். இல்லை.

நூலக அறிவியல் படித்த நண்பர் ஒருவர் உண்டு. வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, "புத்தகத்தை எடைக்குப் போடறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" என்று ஆரம்பித்தேன். அவர் நிதானமாக ஒரு மடக்குக் குடித்தார்.

"நீ கடைசியா எப்ப லைப்ரரி போனே?"

"இப்பதான் வெளியே வந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

"விண்டோஸ் 95 கத்துக்கொள்வது எப்படின்னு ஒரு புக் இருக்கு. வச்சுக்கவா? 1998 குரூப் ஃபோர் கைடு வச்சுக்கவா? அதைப் படிச்சு ஒருத்தன் பரீட்சைக்குப் போனா அவன் பாவம் யாருக்கு? மழையில ஊறிப் பூஞ்சை பிடிச்சதை வச்சா பக்கத்துல இருக்கறதும் போயிடும். கழிக்கறது தப்பே இல்லைப்பா. ரங்கநாதனே சொல்லிட்டார்."

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர்.ரங்கநாதன்தான் அவர் சொன்ன ரங்கநாதன். 1931ல் வெளியிட்ட நூலகத்தின் ஐந்து விதிகள் உலகம் முழுக்கப் பாடம். ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. உயிர் என்றால் சாப்பிடவும் வேண்டும், கழிக்கவும் வேண்டும். இரண்டாவது நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எதைக் கழிப்பது என்பதற்கு ஆறு கேள்வி வைத்திருக்கிறார்களாம். தகவல் தப்பா? கிழிந்து அழுக்கா? புதுப் பதிப்பு வந்தாச்சா? ஒன்றுக்கும் உதவாததா? இந்த ஊர்க்காரர்களுக்குச் சம்பந்தமில்லாததா? வேறு இடத்தில் சுலபமாகக் கிடைக்குமா? விரல் விட்டுச் சொன்னார் நண்பர். கடைசி இரண்டு கேள்விகளில் நான் நிமிர்ந்தேன். என் பையில் இருந்த புத்தகம் அந்த ஊருக்கு மட்டுமே சம்பந்தமானது. வேறெங்கும் கிடைக்காதது. அந்த இரண்டைக் கேட்டிருந்தால் அது எடைக்கே போயிருக்காது.

"கேக்க நேரம் எங்கப்பா?" என்றார் நண்பர். "முதல்ல பயம். புத்தகம்கிறது சர்க்கார் சொத்து. மேஜை, நாற்காலி மாதிரி கணக்கு. ஒண்ணு குறைஞ்சா ஆடிட்ல கேள்வி. அதனால இருபது வருஷம் எவனும் ஒண்ணையும் தொடமாட்டான். அப்புறம் ஒருநாள் கட்டடம் மாத்துவாங்க, இல்லை கூரை ஒழுகும். அன்னிக்கு அலமாரி அலமாரியாப் போகும். களை எடுக்கறதில்லைப்பா, வயலையே உழுதுடறது."

பயம் என்றதும் என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்று தலையணை சைஸில் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அதில் 215ஆவது விதி நூலகங்களுக்கு. வருஷத்தில் இரவல் கொடுத்த, எடுத்துப் பார்த்த புத்தகம் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான நஷ்டம், நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாவிட்டால் போதும். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ, என்ன விலையானாலும் அரிய புத்தகமோ தொலைந்தால் விசாரணை நிச்சயம். மத்திய அரசு ஆபீஸ் நூலகங்களுக்குத்தான் இது. ஆனால் படிக்கும்போது ஒரு வேடிக்கை தோன்றும். தொலைந்தால் விசாரிக்க இவ்வளவு அக்கறை! நாமே தூக்கிப் போடுகிறதில் அரியது எது என்று பார்க்க வேண்டாமா?

ஒரேயடியாக உழுவது நம்மூர் வியாதி மட்டுமில்லை. சான்பிரான்சிஸ்கோவில் 1996 ஏப்ரலில் கோலாகலமாகப் புது நூலகக் கட்டடம் திறந்தார்கள். நட்ட நடுவில் வானம் தெரியும் முற்றம், கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஜோர். புத்தகம் வைக்கத்தான் இடம் போதவில்லை. பழைய கட்டடத்திலிருந்து லாரி லாரியாகப் புத்தகங்கள் குப்பை கொட்டும் பள்ளத்துக்குப் போயின. நாவலாசிரியர் நிக்கல்சன் பேக்கர் அந்த அக்டோபரில் நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதி மானத்தை வாங்கினார். குறைந்தது 2 லட்சம் புத்தகம் என்றார் அவர். நூலகத்தார் அவ்வளவு இல்லை என்றார்கள். 1997 ஜனவரியில் தலைமை நூலகர் ராஜினாமா.

நம்மூரில் இதற்கு முன்னோடிகள் உண்டு. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். சுவடிகள் எங்கே என்று கேட்டால், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போடவேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறது, போட்டுவிட்டோம் என்றார்களாம். அவர் பதறிய பதற்றம் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும். பார்க்கப்போனால் அவர்களாவது நெய் செலவு செய்தார்கள்.

எதிர்ப்பக்கமும் ஆள் உண்டு. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். தொழில், போர்டு எழுதுவது. அதில் வந்த காசில் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. தமிழில் டாக்டர் பட்டம் வாங்குகிற பாதிப் பேர் அங்கே வந்துதான் ஆகவேண்டும். ஒரு பெயிண்டர் செய்த காரியம்!

என்ன செய்யலாம் என்று நண்பரைக் கேட்டேன். வெளிநாடுகளில் பல நூலகங்களில் வாசல் பக்கம் ஒரு தள்ளுவண்டி நிற்கும், கழித்த புத்தகத்தில் முத்திரை குத்தி அதில் வைத்து, சொற்ப விலைக்கு வாசகர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்றார். வாசகர் சங்கமே திருவிழா மாதிரி விற்பனை நடத்தி, அந்தப் பணத்தை நூலகத்துக்குக் கொடுக்குமாம். நம்மூரிலும் செய்யலாமே? கழிக்கப்போகிற பட்டியலை ஒரு மாதம் வாசலில் ஒட்டட்டும். திண்ணையில் ஒரு பெஞ்சு போட்டு, எடுத்தது பத்து ரூபாய் என்று வைக்கட்டும். எடைக்குப் போட்டால் வருவதைவிடக் கூடுதலாகவே வரும். நம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வாங்குகிறார்கள். அந்தப் புத்தகம் அப்படி வாங்கியதுதானே? பார்த்துவிட்டு அனுப்ப நமக்கு ஒரு மாதம் பாத்தியதை உண்டு.

"யோசனை நல்லாத்தான் இருக்கு. முதல்ல நீ அந்தப் புக்கைத் திருப்பிக் குடு," என்றார் நண்பர்.

அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் நூலகம் கொஞ்சம் மாறியிருந்தது. தரையில் டைல்ஸ். சுவரில் ஆயிரம் ரூபாய் கொடுத்த புரவலர்களின் பெயர்ப் பலகை. மற்றபடி அதே மர பெஞ்சு, தினத்தந்திக்கு அதே அடிதடி. ஒரு பெரியவர் முதல் பக்கம், இன்னொருவர் நடுப்பக்கம், மூன்றாமவர் அவர்கள் இருவரையும் படித்துக்கொண்டிருந்தார். நூலகர் ஒரு இளம்பெண். விஷயத்தைச் சொன்னதும் ஆவலாகப் புத்தகத்தை வாங்கினார். எண்ணைப் பார்த்தார். அலமாரி மேலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார்.

பக்கத்தைத் திருப்பியதும் இரண்டு பேருமே பேசவில்லை. அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மைக் கோடு. எங்கள் வாத்தியார் மேலேயும் ஒன்று. காரணம் என்ற இடத்தில் 'சிதைந்தது'. வருஷம் 2009.

"எங்க மேடம் சிதைஞ்சிருக்கு? கல்லு மாதிரி இருக்கே!"

"நான் வந்து ஆறு வருஷம்தான் சார் ஆச்சு. அப்ப மழையில ஒரு ரேக் மேல ஒழுகிச்சுன்னு சொல்வாங்க. மேல் தட்டு நனைஞ்சிருக்கும். ரேக்கோட எழுதிட்டாங்க போல."

"சரி, இப்ப திரும்ப வச்சுக்கங்க."

அவர் தயங்கினார். "இது கணக்குல இல்லையே சார். கழிச்சது கழிச்சதுதான். அந்த நம்பருக்கு இனிமே உயிர் இல்லை. நீங்க அன்பளிப்புன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா புது நம்பர் போட்டு வாங்கிக்கறேன்."

எங்கள் வரிப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை, எடைக்குப் போட்டு, அதை நான் 60 ரூபாய் கொடுத்து வாங்கி, பஸ் சார்ஜ் செலவழித்துக் கொண்டுவந்து, அன்பளிப்பாகக் கொடுக்கவேண்டும்! சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் தேதிச் சீட்டு மறுபடி கண்ணில் பட்டது.

1987. அதற்கப்புறம் 22 வருஷம் ஒருத்தர்கூட இதை எடுத்துப் போகவில்லை. அந்த 22 வருஷத்தில் பத்து வருஷம் நான் இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். தினமும் வந்தேன். துப்பறியும் நாவல், சினிமாச் செய்தி, கிரிக்கெட். மூன்றடி தள்ளி ரேக்கில் என் கொள்ளுத்தாத்தா இரண்டு கலம் நெல்லோடு காத்திருந்தார். நான் ஒரு தடவை எடுத்து ஒரு தேதி போட்டிருந்தால், எழுதினவர் கை கொஞ்சம் தயங்கியிருக்குமோ என்னவோ.

"மேடம், இன்னும் பத்து வருஷம் கழிச்சு மறுபடி போட்டுட மாட்டாங்களே?"

அவர் பொய் சொல்லவில்லை. "யாரும் எடுக்கலைன்னா யாராச்சும் எழுதிடுவாங்க சார். நான் அப்ப எந்த ஊர்ல இருப்பேனோ. முதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க."

பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு செட் எடுத்தேன். கடைக்காரப் பையன் பக்கத்தைத் திருப்பத் திருப்ப, "அண்ணே, இது நம்ம ஊரா?" என்று மெஷினை நிறுத்தி நிறுத்திப் படித்தான். 112 பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். ஒரு செட் எனக்கு. இன்னொன்றைத் தரமணியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்தபோது புது எண் தயாராக இருந்தது. பழைய ஊதா முத்திரைக்குப் பக்கத்தில் பளிச்சென்று புது ஊதா முத்திரை. 25ஆம் பக்கத்திலும் குத்தினார். "ரகசியம் சார்," என்றார். அட, அவருக்கும் தெரிந்திருக்கிறது! வரலாறு ரேக்கில் வைப்பார் என்று பார்த்தால், வைக்கவில்லை. நேராகப் போய் மர பெஞ்சின் முன்னால், பேப்பர்களுக்கு நடுவே வைத்தார்.

தினத்தந்தி கிடைக்காத அந்த மூன்றாவது பெரியவர் அதை எடுத்தார். ஊர்ப் பெயரைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு உறுமல்.

"யோவ், இங்க பாருய்யா! மேலத்தெருக்காரன் அஞ்சு கலம் குடுத்தானாம். அவன் எங்கய்யா குடுத்தான்? எங்க தாத்தா பேரையே காணோம்!"

தினத்தந்தி இரண்டும் கீழே இறங்கின. மூன்று தலைகள் 71ஆம் பக்கத்தின் மேல் குனிந்தன. ஒருவர் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படிக்க, மற்ற இருவரும் தீர்ப்பு வழங்கிக்கொண்டே வந்தார்கள். பதினோராவது பெயர் வந்தபோது நான் மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன். "இவர் என் கொள்ளுத்தாத்தாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மூன்று பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ரெண்டு கலமா?" என்றார் அந்தப் பெரியவர். "வாத்தியார் விசாரிக்காம எழுதியிருக்கார் தம்பி. உங்க கொள்ளுத்தாத்தா அரைக் கலம்கூட ஈந்திருக்க மாட்டாரே!"